நடுங்கும் கம்பி

மெத்தையில் மல்லாந்து விழுந்த நான் எழவில்லை. என் குதிகால் உரசிய கம்பி, தலைக்கு மேலே இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. தேசியப் போட்டி, உயரம் தாண்டுதல், என் கடைசி வாய்ப்பு. கம்பி நின்றால் இந்திய அணிக்கு நான் போவேன். விழுந்தால் என் அக்கா செல்வராணி போவாள். இருப்பது ஓரிடம்தான்.

"நீ ஜெயிச்சா ஒரு வாரம் உங்கூடப் பேசமாட்டேன், பாத்துக்க" என்று காலையில் சிரித்தவள், இப்போது மெத்தையருகே நின்று துண்டால் விசிறிக்கொண்டிருந்தாள். அந்தக் காற்று கம்பியைத் தொட்டுவிடுமோ என்று துண்டையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அக்கா..."

"வாய மூடுடி கௌசி. மூச்சு விடாத."

துண்டை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவளும் மூச்சு விடவில்லை. நடுவர் இன்னும் கொடியை உயர்த்தவில்லை.