ஒரு மணி நேரத்தில் ஒரு வருட நஷ்டம்

அந்த நிலையத்தில் பங்கு வர்த்தகப் பயிற்சி என்றால் பாடம் கிடையாது. தலையில் ஒரு தொப்பியை மாட்டுவார்கள்; ஒரு மணி நேரத்துக்குள் ஒரு வருட வர்த்தகத்தைக் கனவுபோல வாழ்ந்துவிடலாம். அது பயிற்சி என்பது மட்டும் உள்ளே நினைவிருக்காது. மனைவியின் சங்கிலியை நாளை அடகு வைத்து வர்த்தகம் தொடங்கவிருந்த நல்லசிவம், எதற்கும் கற்றுக்கொள்வோமே என்று பணம் கட்டியிருந்தார்.

உள்ளே அவர் வாங்கிய பங்கு இறங்கியது. இறங்கிய விலையில் இன்னும் வாங்கினால் சராசரி விலை குறையும், பிறகு கொஞ்சம் ஏறினாலே தப்பிக்கலாம். கணக்கு சரிதான், ஏறினால். அது ஏறவேயில்லை. கடைசியில் சங்கிலியையும் விற்று வாங்கினார்.

தொப்பியைக் கழற்றியதும் வெளியே காத்திருந்த மனைவி தமயந்தியிடம் ஓடினார்.

"சங்கிலி இருக்குதா?"

"கழுத்துலதான இருக்குது! ஏனுங்க அழுகறீங்க?"

"வித்துப்போட்டேன், தமயந்தி."

"காசு கட்டி அழுகோணுமா? வீட்டுல நானே ஓசில அழ வெச்சிருப்பேனே!"

அவருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. போன உயிர் திரும்பியது போலிருந்தது.

வரவேற்பறைப் பெண் சொன்னாள்: "அடுத்த பயிற்சியில லாபம் வருமுங்க சார். சேர்றீங்களா?"

தமயந்தி முந்திக்கொண்டாள். "வேண்டாங் கண்ணு. சிரிச்சுட்டு வெளிய வந்தார்னா, நேரா அடகுக் கடைக்குத்தான் போவாரு."