பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு விக்கல்

"எழுபத்திரண்டு மணி நேரம்! முடிச்சிட்டேன் லா!"

மலேசியாவின் ஸ்கூடாயில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடமே அதிர பிரவீனா போட்ட குதியில் பாதுகாப்புக் கண்ணாடி மூக்கை விட்டு நழுவியது.

குதிக்க மாட்டாளா பின்னே? பிஸ்கட் அளவில் ஓர் உலோகத் தகடு. உள்ளே தலைமுடி பருமனில் நூற்றுக்கணக்கான வாய்க்கால்கள். வாயு உள்ளே போகும், எரிபொருள் சொட்டுச் சொட்டாக வெளியே வரும். அப்போது கிளம்பும் சூட்டைத் தண்ணீர் உடனுக்குடன் இழுத்துக்கொண்டு போக வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் உள்ளே பூசிய வினையூக்கி கருகிவிடும்.

ஏற்கெனவே மூன்று முறை கருகியாச்சு. இந்த மாதத்தோடு உபகாரச் சம்பளமும் முடிகிறது. இதுவும் போயிருந்தால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

"பாரு லோஷினி, திரையில வெப்பக் கோடு எவ்ளோ நேரா போகுது! நேத்து பன்னிரண்டே முக்காலுக்கு மட்டும் ஒரு சின்ன மேடு."

"அப்போ நீ எங்கடி இருந்தே?" என்றாள் தோழி.

"நாசி லெமாக் சாப்பிடப் போயிருந்தேன். நான் இல்லாம அதுக்கு விக்கல் வந்துருச்சு!"

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஜோனதன் உள்ளே வந்தான். பக்கத்து மேசைக்காரன். அவளோடு ஒரே நாளில் அதே சோதனையை ஆரம்பித்து, "உன்னைவிட நல்லா ஓட்டிக் காட்டுறேன்" என்று சவால் விட்டவன். நேற்று நடுவிலேயே நிறுத்திவிட்டான்.

"வாங்க சார்! ஏன் பாதியில நிறுத்தினீங்க?"

"போரடிச்சிருச்சு லா."

"போரடிச்சிருச்சாம்! அலமாக், இவரெல்லாம் ஆராய்ச்சி பண்ண வந்துட்டாரு!"

லோஷினி அட்டையில் பதக்கம் வெட்டினாள். பிரவீனா அதில் 'பாதியில் ஓடிய வீரர்' என்று எழுதி அவன் கழுத்தில் மாட்டினாள். அவனும் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு, கேக் வாங்கி வருகிறேன் என்று பதக்கத்தோடேயே கிளம்பிப் போனான்.

"ரோஷமே இல்ல பாரேன்!"

ஆய்வுக்கூட உதவியாளர் செபஸ்தியன் எட்டிப் பார்த்தார்.

"பிரவீனா, முடிஞ்சிருச்சுன்னா தண்ணிய அடைச்சிரும்மா. பம்ப்பைக் கழட்டணும். இப்பதான் மீட்டரைப் பார்த்தேன், நேத்திலிருந்து பாதித் தண்ணிதான் தள்ளியிருக்கு."

"நேத்து எத்தனை மணியிலிருந்து அண்ணே?"

"பன்னிரண்டே முக்கால். ரெண்டு மேசைக்கும் அந்த ஒரு பம்ப்புதானே? உன்னோடது எப்படித்தான் தாங்குச்சோ போ!"

பிரவீனாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவசரமாக மேசைக்கடியில் குனிந்தாள்.

பம்ப்பிலிருந்து இரண்டு மேசைக்கும் பிரியும் இரண்டு குழாய்கள். அவளுடையது முழுக்கத் திறந்திருந்தது. ஜோனதனுடையது இறுக மூடியிருந்தது. அதன் பிடியில் சுற்றியிருந்த டேப்பில் அவனுடைய கோழிக் கிறுக்கல்:

'பிரவீனா முடிக்கிற வரைக்கும் இதை யாரும் திறக்காதீங்க.'