இடது லென்ஸ்

கண்ணாடி போட்டும் பார்வை தெளியாத கொல்லிமலை மயிலம்மாளுக்குச் சென்னை டாக்டர் கண்ணின் மேல் ஒட்டிவைக்கும் லென்ஸ் இரண்டும், அவற்றைப் போட்டுவைக்க ஒரு டப்பியும் கொடுத்தார். கை கழுவாமல் தொடக்கூடாது, ஓடையில் அலசக்கூடாது என்றார்.

மிளகு பறித்த கையால் ஒருநாள் கண்ணைத் தொட்டுவிட்டாள். எரிச்சல் தாங்காமல் இடது லென்ஸைக் கழற்றி ஓடையில் அலச, அது நழுவித் தண்ணீரோடு போய்விட்டது; குனிந்து தேடியும் கிடைக்கவில்லை.

"ஏனுங்க, இனி உங்க மூஞ்சி பாதிதான் தெரியும்" என்று அழுதாள்.

"பாதியே போதும் கண்ணு, முழுசாப் பாத்தா பயந்துக்குவே" என்றான் கணவன் மாதன்.

மறுநாள் காலை டப்பியில் இரண்டு லென்ஸ் இருந்தன. இடது மட்டும் ஈரமாக இருந்தது. கை கழுவி, இரண்டையும் போட்டுக்கொண்டாள்.

வலக்கண்ணில் மாதன் நின்றான். இடக்கண்ணில், ஓடைக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல, ஓடும் தண்ணீருக்கு மேலே அவள் முகமே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தது. அவ்வளவு தெளிவாகத் தன் முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.