வாசலில் எரிந்த சிவப்பு

திருப்பூர்ச் சாயப்பட்டறை வாசலில் நான்கு வருடமாகத் தினமும் எச்சில் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். மரபணுவில் முறிவுகள் அளவுக்கு மிஞ்சினால் சிவப்பு விளக்கு எரியும். புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகச் சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதினோரு வருடமாகச் சாயத்தொட்டியருகே நிற்கும் நவநீதனுக்கு ஒருநாளும் சிவப்பு எரிந்ததில்லை. அதுவே அவன் மனைவி கிருத்திகாவை உறுத்திக்கொண்டிருந்தது.

இன்று அவன் காலை ஒன்பது மணிக்கே வீடு திரும்பினான்.

"ஏனுங்க, சிவப்பா?"

தலையாட்டினான்.

"இனியாச்சும் ஒழுங்கா வைத்தியம் பாப்பீங்க. இத்தன நாளா என்ன தில்லுமுல்லு பண்ணுனீங்க? வாட்ச்மேனுக்குப் பிரியாணியா?"

நவநீதன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைத்தான்.

"என் எச்சில நான் குடுத்ததே இல்ல, கிருத்தி. காலைல நம்ம தன்யா பல்லு விளக்கறதுக்கு முன்னால இதுல துப்பச் சொல்லி எடுத்துட்டுப் போவேன். சின்னப் புள்ளையோடது சுத்தமா இருக்கும்னு..."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் அவளோடதுதான்."

கிருத்திகா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"சாயக் கையோட டப்பாவத் தொட்டிருப்பீங்க. அதான் சிவப்பு எரிஞ்சிருக்கு. தொட்டேன்னு சொல்லுங்க!"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தொட்டேன்," என்றான் அவன்.