நோட்டீஸில் இருந்த நம்பர்

"பைப் ஒழுகுதா, குடியை விடணுமா? எதுன்னு முதல்ல சொல்லிடுங்க சார்!"

கடை வாசலில் நின்ற லைப்ரரியன் அம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, ஒரு குழாயின் மரையில் டேப் சுற்றிக்கொண்டிருந்தார் பிளம்பர்.

"குடியா? சரி, சரி. அழாதீங்க. அழுதா எனக்கு ஒண்ணும் காதுல விழாது." குழாயைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணி, லைப்ரரி மாடி. பேர் கேக்க மாட்டாங்க, ஊர் கேக்க மாட்டாங்க. நடுவுல ஒரே ஒரு நாள்தானே? கை ரொம்ப நடுங்கினா டாக்டரைப் பாருங்க. மனசு நடுங்கினா எனக்கு அடிங்க. எந்த வேலையில இருந்தாலும் எடுப்பேன்."

கேட்கக் கேட்க அம்மாளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அஞ்சு நாளாக அவருக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லாம் ஒரு துண்டுச் சீட்டு செய்த வேலை. எட்டு மாதத்துக்கு முன்னால், குடியை விட நினைப்பவர்கள் வாராவாரம் கூடும் குழுவுக்காக நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார். சீட்டின் ஒரு பக்கம் குழுவின் நம்பர். மறுபக்கம், லைப்ரரி வாஷ்பேசினைச் சரிபண்ண யாரோ சொன்ன பிளம்பர் நம்பர். அச்சகக்காரர் எந்தப் பக்கத்தைப் பார்த்தாரோ! புரூப் வந்தபோது அம்மாள் ஒற்றுப்பிழை தேடினாரே தவிர, நம்பரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

தனக்கு ஒரு போன்கூட வராததும் அவருக்கு உறுத்தவில்லை. முன்னெல்லாம் பத்துப் பேர் கூப்பிட்டால் ரெண்டு பேர் வருவார்கள். இப்போது கூப்பிடாமலே ஆள் வந்துகொண்டிருந்தது. எல்லாம் நாம் எழுதின வாசகத்தின் மகிமை என்று மனுஷி உள்ளூரப் பூரித்துப் போயிருந்தார்! போன புதன்கிழமை புதிதாக வந்த ஒருவர், "போன்ல பேசின அண்ணன் எங்க? நடுநடுவே யாரையோ வாஷர் மாத்தச் சொல்லிக்கிட்டே இருந்தாரே?" என்று கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

அம்மாள் குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. முதல் போனை அடிக்க அவருக்கே நாலு மாதம் பிடித்தது. அப்படி ஒருவர் செத்துப் பிழைத்து அடித்த போனை, "ராங் நம்பர், வைடா" என்று இந்தக் கடைக்காரர் வெட்டிவிட்டிருந்தால்? அந்தப் பயத்தோடுதான் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார்.

பிளம்பர் போனை வைத்தார். "வாங்க மேடம், என்ன ரிப்பேர்?"

"ரிப்பேரெல்லாம் எங்க பக்கம்தான் தம்பி. அந்த நோட்டீஸைப் போட்டது நான்தான்."

"லைப்ரரி மாடி மேடமா!" பிளம்பர் துள்ளி எழுந்து, கையிலிருந்த அழுக்குத் துணியால் ஸ்டூலைத் துடைத்து இன்னும் கொஞ்சம் அழுக்காக்கினார். "உக்காருங்க, உக்காருங்க."

"எட்டு மாசமா உங்க உயிரை வாங்கியிருக்கோம். மன்னிச்சுக்கோங்க. நீங்க ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட..." அம்மாள் ஸ்டூல் நுனியில் உட்கார்ந்தார். "பதினாலு பேர் வந்திருக்காங்க தம்பி. பதினாலு குடும்பம்! உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"அட போங்க மேடம். நான் என்ன மலையையா புரட்டிட்டேன்? நோட்டீஸ்ல போட்டிருந்த வழியைத்தானே சொன்னேன்."

"இனிமே உங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது." அம்மாள் பையிலிருந்து புது நோட்டீஸ் கட்டை எடுத்தார். "சரியான நம்பர் போட்டாச்சு. இன்னிக்கே பழசையெல்லாம் கிழிச்சுட்டு இதை ஒட்டிடறேன்."

பிளம்பரின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. ஒரு நோட்டீஸை உருவி, நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்தித்தான் ஆகணுமா மேடம்?"

"பின்னே? நீங்க உங்க தொழிலைப் பாக்க வேண்டாமா?"

"பரவாயில்ல. பழசே இருந்துட்டுப் போகட்டுமே."

ஓஹோ, அப்படியா சேதி! கூப்பிடுகிறவர்கள் வீட்டில் குழாய் வேலையும் சேர்ந்து கிடைக்கிறது போலிருக்கிறது. கிடைக்கட்டுமே, இவ்வளவு செய்த மனுஷனுக்கு அது கூடவா கூடாது?

"வேலை குறைஞ்சுடும்னு பயப்படாதீங்க தம்பி. எங்க ஆளுங்க எல்லாரும் உங்களைத்தான் கூப்பிடுவாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

"ஐயையோ, வேலைக்காக இல்ல மேடம்!" பிளம்பர் கையைப் பிசைந்தார். கண் கலங்கிவிட்டது. "நன்றி சொல்ல வேண்டியவன் நான்தான். முதன்முதலா கூப்பிட்டவர், 'நீங்க குடிக்காம எத்தனை நாளாச்சு?'ன்னு கேட்டார். கையில இருந்த கிளாஸைக் கீழ வெச்சுட்டு, 'இன்னிக்குத்தான் முதல் நாள்'னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அப்புறம் கூப்பிட்டவங்க எல்லாரும் அதையேதான் கேட்டாங்க. சொன்ன கணக்கு பொய்யாயிடக் கூடாதேன்னு இழுத்துப் பிடிச்சு, இன்னியோட இருநூத்தி நாப்பத்தோரு நாள் ஆச்சு மேடம். நீங்க நம்பரை மாத்திட்டா, நாளைக்கு என்னை யாரு கேப்பாங்க?"