மூலையில் இருந்த பட்டன்

பால் சொசைட்டி கம்ப்யூட்டருக்குள் ஒரு குட்டி நிரல் இருந்தது. கணக்கு நன்றாகப் போடும், ஆனால் அதற்கு முகம் கிடையாது. திரையில் பட்டனும் கட்டமும் காட்டி அதற்கு முகமாக நின்றது ஒரு பழைய பட்டன்பெட்டி.

ஒருநாள் மினுமினுவென்று புதுப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது.

"என்ன பெருசு, இன்னும் அந்தச் சாம்பல் சட்டைதானா? நாளைக்குக் கோதையக்கா என்னைத்தான் வச்சுக்கப்போறாங்க, பாரு."

குட்டி நிரலுக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணே, நீங்களும் கொஞ்சம் மாறுங்களேன். தூக்கிருவாங்க போல."

பழசுக்கு ரோஷமெல்லாம் வரவில்லை. புதுசைப் பார்த்துப் பார்த்தே மூலைகளை வளைத்துக்கொண்டது, எழுத்தைப் பெரிசாக்கியது, பச்சை பூசிக்கொண்டது. பால் அளவைப் பதியும் 'பதி' பட்டனை மட்டும் இருந்த மூலையிலேயே விட்டது.

காலையில் பால் ஊற்றக் கூட்டம். கணக்குப் பதியும் கோதைக்கு இடுப்பில் பிள்ளை, கண் பால் கேனில். புதுப்பெட்டியைத் திறந்தாள். விரல் வழக்கம்போல திரையின் மூலைக்குப் போனது. அங்கே ஒரு பூப்படம்தான் இருந்தது. பழசைத் திறந்தாள். திரையைப் பார்க்காமலே பட்டன் அகப்பட்டது.

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள். "அட, அழகாவும் ஆயிருச்சே! இதே இருக்கட்டும்."

"அந்த வளைவு என்னோடது!" என்றது புதுசு.

"ஆமா தம்பி, ரொம்ப நல்லாயிருக்கு" என்றது பழசு.