மதில் மேல் பொட்டலம்

பாஸ்கலின் பழைய மாரிஸ் கார் முற்றத்தில் ஜாக்கி மேல் நின்றது. பின்சக்கர பேரிங் தேய்ந்து, வண்டி போகிற வழியெல்லாம் ஊளையிட்டது. மாற்றலாம் என்றால் தூத்துக்குடி பஜாரில் அந்த பேரிங் எந்தக் கடையிலும் இல்லை. கார் ஓடாவிட்டால் உப்பளத்துக்கு நடந்துதான் போகவேண்டும். சரி, கழற்றியாவது பார்ப்போம் என்று எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார்.

அப்போது பக்கத்து வீட்டு அஹமது கபீர் சிரித்த முகமாக வந்தார். கையில் எண்ணெய் கசிந்த காகிதப் பொட்டலம்.

பாஸ்கலுக்குச் சுருக்கென்றது. போன மாதம், கடற்கரை ஊரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ராஹிலாவைப் பிரசவத்துக்கு அழைத்துவர இதே காரை இரவல் வாங்கிப் போனவர், ஒரு நாள் தாமதமாகத்தான் கொண்டுவந்து விட்டார். இப்போது குழந்தை பிறந்தாயிற்று. தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய் விட மறுபடியும் கார் வேண்டும். அதற்குத்தான் இந்த அல்வாப் பொட்டலம் என்று தோன்றியது.

"அல்வாவக் குடுத்து இன்னொரு மட்டம் வண்டிய வாங்கிரலாம்னு பாக்கியளா பாய்? கடக்கர மணல்ல ஓட்டிச் சீரழிச்சது போதாதா?"

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கபீர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாஸ்கல் விடவில்லை. பொட்டலத்தை மதில் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார் கபீர்.

அதைத் தொடக்கூடாது என்று மனைவி தேவமணிக்கும் உத்தரவாயிற்று.

வலது சக்கரத்தைக் கழற்றினார். பேரிங் துருவேறிக் கிடந்தது.

"பாத்தியா, உப்புத் தண்ணி. கடலுக்குள்ளயே எறக்கிருக்கான்."

"தெனமும் உப்பளத்துக்குள்ள வண்டிய விடுதது ஆருங்க?" என்றாள் தேவமணி. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இடது சக்கரத்தையும் கழற்றினார்.

உள்ளே புத்தம்புது பேரிங். கிரீஸ்கூட நிறம் மாறவில்லை.

அவர் போட்டதில்லை. அந்தக் காரை அவரைத் தவிர வேறு யாரும் கழற்றியதுமில்லை. அது வெளியார் கைக்குப் போனது ஒரே ஒரு தடவைதான்.

அந்த ஒரு நாள் தாமதம் எதற்கென்று இப்போது புரிந்தது. வழியில் பேரிங் போயிருக்கிறது; எங்கோ தேடி வாங்கி மாற்றியிருக்கிறார். இரவல் கொடுத்தவர் வண்டியைக் குறை சொல்லக்கூடாது என்று மனிதர் வாயே திறக்கவில்லை. பாஸ்கலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மனைவியை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

"ஏங்க, இம்புட்டு நேரமாச்சு, பொட்டலத்துக்கு ஒரு எறும்புகூட வரலியே. அல்வாதானா அது?"

பாஸ்கல் எழுந்து போய் பொட்டலத்தைப் பிரித்தார். கிரீஸ் காகிதத்துக்குள், வலது சக்கரத்துக்கு வேண்டிய பேரிங்.

மதில் ஓரமாக நின்று, "பாய்..." என்று கூப்பிட்டார். காலையில் தெருவுக்கே கேட்ட குரல், இப்போது மதிலைக்கூடத் தாண்டவில்லை.